உறுமும் குரல்: டெத் மெட்டல் இசை குறித்து ஒரு திறனாய்வு

இளைஞர் விரும்பும் மேனாட்டு இசையைக் கண்டித்துப் பேசுவோருள், அதனைச் செவிமடுத்தபின் பேசுவோர் சிலரே. இக்குறைக்கு நாமும் விலக்கானவர் அல்லோம். சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் இறையியல் பயின்ற மாணவர் ஒருவர், டெத் மெட்டல் என்னும் இசையைத் தாம் விரும்பிக் கேட்பதாகவும் அது பாவமா என்றும் நம்மிடம் வினவினார். அவ்விசையில் ஒரு பாடலையேனும் கேட்டிராத நாம், அது சாத்தானின் இரைச்சல் என்று கூறி, இரண்டு திருவசனங்களையும் சேர்த்துச் சொல்லி, அவரை அனுப்பிவிட்டோம். அவர் மறுத்துரைக்கவில்லை. வாயிற்படியில் நின்று, தம் தாயார் புற்றுநோயால் படுத்திருந்த ஏழு மாதங்களும் இரவுகளில் அதனையே கேட்டுக்கொண்டிருந்ததாக மட்டும் சொன்னார். "அங்கே எல்லாரும் மெல்லப் பேசினார்கள், ஐயா" என்றார். அச்சொல் நம்மை விட்டு நீங்கவில்லை. பின்னர் நாம் இவ்விசையைக் கேட்கவும் அதனைப்பற்றிப் படிக்கவும் முற்பட்டது அதன் பொருட்டே. கேட்டதன்பின் நாம் கொண்ட கருத்துகளை இவ்விதழின் வாசகர்களாகிய ஆயர்கள், மாணவர்கள் முன்பு வைக்க விரும்புகிறோம்.

முதலில் பெயரைக் குறித்துச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியைச் சேர்ந்த பொசெஸ்ட் என்னும் குழுவினர் 1985இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டின் இறுதிப் பாடலுக்கு 'டெத் மெட்டல்' என்பது தலைப்பு. இசைத்தட்டின் பெயரோ 'செவன் சர்ச்சஸ்', அதாவது ஏழு சபைகள். வெளிப்படுத்தின விசேஷத்தைக் கற்பிப்பவர்களாகிய நமக்கு அத்தலைப்பு சிறிது வியப்பை அளித்தது. அதில் பாடிய ஜெஃப் பெசெரா அந்நாளில் பள்ளிப் பருவத்தினர். அதே காலத்தில் ஃபுளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ நகருக்கு அருகே சக் ஷுல்டினர் என்னும் இளைஞர் நடத்திவந்த குழு, முதலில் மாண்டாஸ் என்றும் பின்னர் டெத் என்றும் பெயர் பூண்டது. அதன் முதல் இசைத்தட்டாகிய 'ஸ்க்ரீம் பிளடி கோர்' 1987இல் வெளிவந்தது. இவ்விரண்டு இசைத்தட்டுகளிலிருந்தே இவ்விசைவகையின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அடுத்த சில ஆண்டுகளில் ஃபுளோரிடாவின் டாம்பா நகரம் இதற்குத் தலைநகர்போல் ஆயிற்று. அங்குள்ள மாரிசவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் மார்பிட் ஏஞ்சல், ஒபிச்சுவரி, டெய்சைட் முதலிய குழுக்கள் தம் பாடல்களைப் பதிவு செய்தன. ஸ்வீடனில் ஸ்டாக்ஹோமிலும், இங்கிலாந்தில் லிவர்பூல், கவன்ட்ரி ஆகிய நகரங்களிலும் இதே இசை வேறு வேறு சாயல்களில் முளைத்தது. அவற்றைப் பிரித்துரைப்பது நம் நோக்கமன்று.

ஒன்றை மட்டும் இடையே சொல்லிச் செல்வோம். 1992ஆம் ஆண்டு சூன் மாதத்தில் நார்வேயின் பெர்கன் நகருக்கு அருகே ஃபாண்டாஃப்ட் என்னும் பழைய மரத் தேவாலயம் எரிக்கப்பட்டதையும், அதனைத் தொடர்ந்த ஏனைய எரிப்புகளையும் இவ்விசையின் கணக்கில் எழுதுவோர் உளர். அவை பிளாக் மெட்டல் என்னும் மற்றொரு வகையைச் சார்ந்த சிலரின் செயல்கள். இரண்டிற்கும் உறவு உண்டாயினும் இரண்டும் ஒன்றல்ல. கண்டனம் செய்பவர் எவரைக் கண்டிக்கிறோம் என்பதையாவது அறிந்திருத்தல் வேண்டும்.

இனி இசைக்கு வருவோம். கித்தார்களின் நரம்புகள் வழக்கத்தினும் தளர்த்தப்பட்டுச் சுருதி கீழே இறக்கப்படுகிறது. மின்விசையால் ஒலி சிதைக்கப்பட்டு, மரம் அறுக்கும் வாளின் ஓசையை ஒத்த தடிப்பைப் பெறுகிறது. முரசு வாசிப்பவர் இரு கால்களாலும் பெருமுரசை மிதித்து இடையறாது அதிர்வெழுப்புகிறார். இவற்றுக்கு மேல் எழுவது குரல். முதன்முறை கேட்பவருக்கு அது மனிதக் குரல் என்றே தோன்றுவதில்லை. விலங்கின் உறுமல் எனலாம், அல்லது குகைக்குள் பாறை உருள்வது எனலாம். முதல் நாள் நாம் கேட்டபோது நான்கு நிமிடங்களுக்குள் நிறுத்திவிட்டோம். இதனை மறைப்பதற்கில்லை.

இக்குரல் வெறும் கத்தல் என்று எண்ணுவது பிழை. பேசும்போதும் பாடும்போதும் குரல்வளையிலுள்ள குரல் நாண்கள் அதிர்ந்து ஒலியை எழுப்புகின்றன. அவற்றுக்குச் சற்று மேலே பொய்க் குரல் நாண்கள் எனப்படும் மற்றோர் இணை மடிப்புகள் உள. நாம் விழுங்கும்போதும் பெருஞ்சுமையைத் தூக்க மூச்சை அடக்கும்போதும் அவை மூடிக்கொள்கின்றன. பேச்சில் அவற்றுக்குப் பெரும்பாலும் வேலையில்லை. இவ்விசையின் பாடகர் அவற்றை ஒன்றோடொன்று நெருங்கச் செய்து, வயிற்றிலிருந்து எழும் மூச்சை அளவோடு செலுத்தி, அவற்றையும் அதிரச் செய்கிறார். அவ்வாறு பிறக்கும் ஒலியில் சுருதி மங்கி இரைப்பு மேலோங்குகிறது. நடு ஆசியாவின் தூவா நாட்டார் பாடும் கார்கிரா என்னும் பாட்டுமுறையிலும் இம்மடிப்புகளே அதிர்கின்றன. ஆனால் அங்கே அவை ஒழுங்காக அதிர்வதால் சுருதி கெடாமல் ஓர் எட்டுச்சுரம் தாழ்ந்து ஒலிக்கிறது. பயிற்சியின்றிக் கத்துபவரின் தொண்டை சில நாள்களில் புண்ணாகிவிடும். ஆண்டுக்கணக்கில் இரவுதோறும் மேடையில் உறுமுவோர் அதற்குரிய மூச்சுப் பயிற்சியை மேற்கொள்கின்றனர். நியூயார்க் நகரில் இசையாசிரியராகிய மெலிசா கிராஸ் என்னும் அம்மையார், தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாமல் இவ்வாறு பாடும் முறையை 2005இல் ஒரு பயிற்சிப் படமாகவே வெளியிட்டார். ஆலயப் பாடற்குழுவைப் பழக்குவோருக்கு இச்செய்தி சிறிது ஆறுதல் அளிக்கலாம். வயிற்றிலிருந்து மூச்சு விடுங்கள் என்று நாம் சொல்லிச் சலித்த அறிவுரையையே அவர்களும் கேட்டுப் பயில்கிறார்கள்.

சீர்திருத்த மரபில் வந்த நாம் இக்குரலுக்கு எதிராக எழுப்பும் முதல் தடை, சொல் விளங்கவில்லை என்பதே. அத்தடை அற்பமானதன்று. மக்கள் தம் சொந்த மொழியில் கேட்டுப் பாடி உணரவேண்டும் என்பதற்காகவே லூத்தர் பாடல்கள் இயற்றினார். எக்காளம் தெளிவற்ற ஓசையெழுப்பினால் போருக்கு யார் ஆயத்தமாவார் என்னும் கருத்தைப் பவுலடிகளார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் முன்வைக்கிறார். டெத் மெட்டல் பாடகரோ சொல்லை மென்று, அரைத்து, உருத்தெரியாமல் செய்து வெளியே விடுகிறார். ஒபிச்சுவரி குழுவின் ஜான் டார்டி தொடக்க காலத்தில் பல இடங்களில் சொல்லே இல்லாத ஒலிகளைப் பாடினார் என்பது யாவரும் அறிந்தது. பாடற்சொல்லை அறிய விரும்புபவர் இசைத்தட்டோடு அச்சிட்டுத் தரும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் அதே பவுலடிகளார், ரோமருக்கு எழுதும்போது, நாம் வேண்டிக்கொள்ள வேண்டியது இன்னதென்று அறியாத நிலையில் ஆவியானவர் சொல்லுக்கு அடங்காத பெருமூச்சுகளோடு நமக்காகப் பரிந்து பேசுவதைக் குறிப்பிடுகிறார். சொல் சபையைக் கட்டியெழுப்புவது. சொல் தோற்கும் இடமும் உண்டு என்பதை அப்போஸ்தலர் அறிந்திருந்தார். 22ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தில் நம் மொழிபெயர்ப்பு கதறல் என்று தரும் இடத்தில் எபிரெய மூலத்திலுள்ள ஷெஆகா என்னும் சொல் சிங்கத்தின் கர்ச்சனையைக் குறிப்பது. 38ஆம் சங்கீதத்திலும் யோபு 3ஆம் அதிகாரத்திலும் துன்புறுவோரின் வாயிலிருந்து எழுவது இதே வேர்ச்சொல்தான். சிலுவையில் நம் ஆண்டவர் தம் வாயில் எடுத்துக்கொண்டது அந்த 22ஆம் சங்கீதம் என்பதை ஈண்டு நினைவூட்ட வேண்டியதில்லை. இச்சங்கீதங்களை நாம் ஆலயத்தில் எத்தகைய குரலில் வாசிக்கிறோம்? அறிவிப்புகளை வாசிக்கும் குரலில் வாசிக்கிறோம்.

இதனைச் சொல்வதால் மேடையில் உறுமும் இளைஞர் சங்கீதக்காரனின் வழித்தோன்றல் என்று நாட்ட முயல்கிறோம் எனக் கருதவேண்டா. அவ்வாறு எளிதில் திருமுழுக்குக் கொடுத்துவிடும் திறனாய்வு நமக்கு உடன்பாடன்று. மனிதக் குரலுக்குள் விலங்கின் குரலும் உண்டு என்பதையும், சாவின் அருகாமையில் அது வெளிப்படுகிறது என்பதையும் நம் திருமறை நாணாமல் சொல்கிறது என்பதே நாம் கூற வருவது.

இக்குரல் கேட்போரை ஈர்ப்பது ஏன்? சினத்தையும் கொடுமையையும் விரும்புவோரே இதனை நாடுகின்றனர் என்னும் கருத்து பலரிடம் உண்டு. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய கடும் இசையைக் கேட்கும் பழக்கமுடைய 18 முதல் 34 வயது வரையுள்ள 39 பேரைத் தேர்ந்து, அவர்களுக்குச் சினமூட்டிய நிகழ்ச்சிகளை 16 நிமிடங்கள் பேசவைத்து, பின்னர் ஒரு சாராரைத் தாம் விரும்பிய இசையைக் கேட்கவும் மற்றவரை வாளா இருக்கவும் விட்டனர். இசை கேட்டவரின் சினம் பெருகவில்லை. அவர்கள் ஊக்கம் பெற்றதாகக் கூறினர். சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃபோர்டு தாம்சனும் அவருடன் பணியாற்றுவோரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இவ்விசையின் அன்பர்கள் இதில் வலிமை, மகிழ்ச்சி, அமைதி, வியப்பு ஆகியவற்றை உணர்வதாகக் கூறினர். அன்பரல்லாதார் அதே பாடல்களில் அச்சத்தையும் சினத்தையும் இறுக்கத்தையுமே கண்டனர். 2019இல் அதே பல்கலைக்கழகத்தார் ஒரு கண்ணுக்குக் கொடுமையான படத்தையும் மறு கண்ணுக்குச் சாதாரணப் படத்தையும் ஒரே நேரத்தில் காட்டி, எது மனத்தில் முந்தி நிற்கிறது என்று அளந்தனர். கொடுமையைக் காணும்போது மனம் விழித்தெழும் இயல்பு அன்பர்களிடத்தும் மற்றவரைப் போலவே மழுங்காதிருந்தது.

இவ்வாய்வுகளை நாம் மதிக்கிறோம். நம் இளைஞர் கூடுகைகளில் வழங்கும் பல அச்சுறுத்தல்களை இவை செல்லாதவை ஆக்குகின்றன. ஆயினும் தீங்கு விளையவில்லை என்பதால் ஒரு கலை சிறந்ததாகிவிடாது. இவ்விசையைப்பற்றி 2012இல் நூலெழுதிய மிஷெல் ஃபிலிப்போவ் என்னும் ஆய்வாளர், திறனாய்வாளர்கள் எப்பொழுதும் பாடற்பொருளையும் அரசியலையும் மட்டுமே நோக்கி, இசை தரும் இன்பத்தைப் புறக்கணிக்கின்றனர் என்று குறை கூறுகிறார். அவர் கூற்றில் பாதியை நாம் ஒப்புக்கொள்கிறோம். பல நாள்கள் கேட்டபின் நமக்கும் அவ்வின்பம் சிறிது பிடிபட்டது. இரைச்சல் என்று முதலில் தோன்றியதனுள் மிகக் கடுமையான ஒழுங்கு இருக்கிறது. தாளம் நொடிக்கு நொடி மாறினும் நால்வரும் ஒரே கணத்தில் மாறுகின்றனர். குரலுக்குச் சுருதி இன்மையால் அது பாடலைத் தன்வசம் இழுத்துக்கொள்ளாமல் முரசுகளுள் ஒன்றாகி நிற்கிறது. ஒரு மனிதர் தம் உள்ளத்தை நமக்குத் திறந்து காட்டுகிறார் என்னும் உணர்ச்சி இங்கு எழுவதில்லை. அச்சம் தருவது எதுவோ அது கணக்குக்கும் கட்டுக்கும் உட்பட்டு நம் முன் நிற்கிறது என்னும் உணர்ச்சியே எழுகிறது. நோயாளியின் படுக்கையருகே ஏழு மாதம் விழித்திருந்த ஒருவருக்கு இது எதனை அளித்திருக்கும் என்பதை ஓரளவு ஊகிக்க முடிந்தது.

ஒப்புக்கொள்ளாத மறுபாதி பொருளைப் பற்றியது. சொல் விளங்காவிட்டாலும் சொல் இருக்கிறது, தாளில் அச்சாகியிருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் 1988இல் தோன்றி, பின்னர் டாம்பாவுக்குக் குடிபெயர்ந்த கானிபல் கார்ப்ஸ் குழுவின் தொடக்க கால இசைத்தட்டுகளை நோக்குவோம். அவற்றின் அட்டைப்படங்களும் பாடல்களும் சிதைந்த உடல்களாலேயே நிறைந்தவை. சிதைக்கப்படுவோர் பலவிடங்களில் பெண்கள். முதல் மூன்று இசைத்தட்டுகளின் பாடல்களை மேடையில் பாட ஜெர்மனியில் 2006 வரை தடை இருந்தது. இவை திகில் திரைப்படம் போன்ற கற்பனையே என்று குழுவினர் சொல்வதை நம்புகிறோம். அவர்கள் கொலைகாரர் அல்லர் என்பதில் நமக்கு ஐயமில்லை. நாம் குறை கூறுவது வேறொன்றை. அப்பாடல்களில் இறப்பவருக்குப் பெயர் இல்லை. தாய் இல்லை, ஊர் இல்லை, அவருக்காக அழுவோர் எவரும் இல்லை. சதையும் எலும்பும் அழுகலும் நுணுக்கமாகச் சொல்லப்படுகின்றன. யாருடைய சதை என்பது சொல்லப்படுவதில்லை. சாவைப்பற்றி இத்துணைப் பாடல்கள் பாடியும் ஒருவர்கூடச் சாகவில்லை. பிணங்கள் மட்டுமே உள. தாவீது சவுலுக்கும் யோனத்தானுக்கும் பாடிய புலம்பலில் அவ்விருவர் பெயரும் திரும்பத் திரும்ப வருகின்றன. அப்சலோமுக்கு அழுதபோது பெயரையும் மகனே என்னும் விளியையும் தவிர அவனிடம் ஏறக்குறைய வேறு சொல்லே இருக்கவில்லை. நம் தாய்மாரின் ஒப்பாரியும் இறந்தவரை விளித்தே பாடப்படுவது. டெத் மெட்டலின் பெரும்பகுதியில் இந்த விளி இல்லை.

உடலின் அழிவை அஞ்சாது காட்டுவது கிறிஸ்தவக் கலைக்குப் புதிதன்று. 1512க்கும் 1516க்கும் இடையில் மத்தியாஸ் குருனேவால்டு வரைந்த ஈசன்ஹைம் பீடப்படத்தை நம் மாணவர்கள் அச்சுப்படமாகவேனும் கண்டிருப்பர். சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் உடல் முழுதும் கொப்புளங்கள். விரல்கள் முறுக்கேறி விறைத்துள்ளன. நிறம் பச்சை பாய்ந்துள்ளது. அப்படம் அந்தோணியார் நெருப்பு என்னும் கொடிய நோயால் உடல் அழுகியோரைப் பேணிய துறவியரின் மடத்திற்காக வரையப்பட்டது. நோயாளர் தம் புண்களை அவ்வுடலில் கண்டனர். இதனினும் கடுமையானது, ஹான்ஸ் ஹோல்பைன் 1521–22இல் வரைந்து, இன்று பாசெல் நகரிலுள்ள, கல்லறையில் கிடக்கும் கிறிஸ்துவின் படம். வாய் திறந்து, கண் செருகி, கையும் காலும் கறுத்து நீட்டிக் கிடக்கும் அவ்வுடலில் உயிர்த்தெழுதலின் குறிப்பு அணுவளவும் இல்லை. 1867இல் தஸ்தயேவ்ஸ்கி அதன்முன் நின்று கலங்கியதும், தம் நாவலில் அதனைப் பேசுபொருளாக்கியதும் பலர் அறிவர். டெத் மெட்டல் இசைத்தட்டின் அட்டையில் அதனைப் பதித்தால் அந்நியமாய்த் தோன்றாது. ஆனால் ஹோல்பைனின் பிணத்திற்கு ஒரு பெயர் உண்டு. காண்போரைக் கலங்கச் செய்வது அப்பெயரே. அதனை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஒரு மருத்துவக் கல்லூரிப் படம்.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கும்போது இவ்விசையுலகில் எல்லாரும் ஒரே நிறையினர் அல்லர் என்பது தெரிகிறது. சக் ஷுல்டினரைச் சிறப்பாகக் குறிப்பிடவேண்டும். அவர் சிறுவனாய் இருந்தபோது பதினாறு வயது நிரம்பிய அண்ணன் கார் விபத்தில் இறந்தார். தம்பியின் துயரத்தை ஆற்றும் வழி தெரியாத பெற்றோர் ஒரு கித்தாரை வாங்கித் தந்தனர். அவர் தம் குழுவிற்குச் சாவு என்று பெயரிட்டதற்கு இதுவே காரணம் என்று கூறுவது துணிபாகும். அவருடைய முதல் இசைத்தட்டு திகில் படங்களின் எதிரொலியே. அதில் வருவனவும் பெயரற்ற பிணங்களே. ஆனால் 1988இல் வெளிவந்த 'லெப்ரசி'யில் 'புல் த பிளக்' என்னும் பாடல் உண்டு. மருத்துவமனையில் இயந்திரங்களால் உயிர் நிறுத்தி வைக்கப்பட்ட ஒருவர், தாமே பேசுவதாக அமைந்தது அது. இங்கே முதன்முதலாகப் பிணத்தின் இடத்தில் 'நான்' என்று சொல்லும் ஒருவர் கிடக்கிறார். தம்மை விடுவிக்குமாறு அவர் வேண்டுவதை நம் அறநூல் ஆசிரியர்கள் ஏற்கமாட்டார்கள். நாமும் அவ்வாறு கற்பிப்பதில்லை. எனினும் அந்த வேண்டுகோளை உறுமலாக அன்றி வேறெக்குரலில் பாடியிருக்கக்கூடும் என்று நமக்குத் தெரியவில்லை. இனிய குரலில் பாடியிருந்தால் பொய்யாயிருக்கும்.

1990இல் வந்த 'ஸ்பிரிச்சுவல் ஹீலிங்' என்பதன் அட்டையில், சக்கர நாற்காலியில் இருப்பவர்மீது கைவைக்கும் குணமளிப்புப் பிரசங்கியார் கேலிக்குரியவராகக் காட்டப்படுகிறார். அவ்விசைத்தட்டிலேயே, போதைமருந்துக்கு அடிமையான தாயின் வயிற்றில் பிறந்த குழந்தையைப்பற்றிய பாடலும் உண்டு. அடுத்து 1991இல் 'ஹியூமன்', மனிதன் என்னும் பொருள்படும் தலைப்போடு வந்தது. குருதியைப் பாடிய வாய் மனிதனைப் பாட வந்துவிட்டது. குரல் மட்டும் மாறவில்லை. இதனை நாம் முக்கியமாகக் கருதுகிறோம். கடுங்குரலுக்குக் கொடிய பொருளே தகும் என்னும் எண்ணத்தை இவர் பொய்ப்பித்தார். அவ்வெண்ணம் நம்மிடமும் இருந்தது. அவர் எதிரிகளைவிட அன்பர்கள் சிலரிடம் வலுவாக இருந்ததெனத் தோன்றுகிறது.

1999ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் மூளையில் கட்டி இருப்பது கண்டறியப்பட்டது. மருத்துவச் செலவு குடும்பத்தின் ஆற்றலுக்கு மீறியது. அப்பொழுது, சாவையே தொழிலாகப் பாடிவந்த குழுக்களும் அவற்றைக் கேட்டுவந்த இளைஞர்களும் இசை நிகழ்ச்சிகள் நடத்திப் பணம் திரட்டினர். அவர் 2001 டிசம்பர் 13 அன்று, 34 வயதில் இறந்தார். பெயரற்ற பிணங்களைப் பாடிய சமுதாயம் பெயருள்ள ஒருவர் படுக்கையில் விழுந்தபோது அவரை வேடிக்கை பார்க்கவில்லை. நம் சபைகளில் நோயுற்ற ஒருவருக்காகக் காணிக்கை எடுப்பதற்கு முன் அவர் சந்தா செலுத்தியவரா என்று ஏட்டைப் புரட்டுவதை நாம் கண்டிருக்கிறோம்.

டெய்சைட் போன்ற குழுக்களின் வெளிப்படையான கிறிஸ்து மறுப்பைப்பற்றி விரித்தெழுத நாம் விரும்பவில்லை. அது தேவதூஷணம் என்பதில் ஐயமில்லை. கலையென்னும் முறையில் அது சலிப்பூட்டுவது. கிறிஸ்தவ மறுப்பு வேறு இடங்களில் ஆழமாகச் சொல்லப்பட்டுள்ளது. இங்கே அது உடையாகவும் ஒப்பனையாகவும் நின்றுவிடுகிறது.

இதற்கு விடையாகத் தோன்றிய கிறிஸ்தவ டெத் மெட்டல் நம்மைக் கூடுதலாகச் சிந்திக்கச் செய்தது. மெல்போர்ன் நகரின் மார்டிஃபிகேஷன் குழு 1992இல் 'ஸ்க்ரோல்ஸ் ஆஃப் த மெகிலோத்' என்னும் இசைத்தட்டை வெளியிட்டது. மெகிலோத் என்பது உன்னதப்பாட்டு, ரூத், புலம்பல், பிரசங்கி, எஸ்தர் ஆகிய ஐந்து சுருள்களைக் குறிக்கும் எபிரெயச் சொல் என்பதை நம் வாசகர் அறிவர். இசைத்திறனில் அது எதற்கும் குறைந்ததன்று. ஆனால் இவ்வகைக் குழுக்கள் பலவற்றைக் கேட்குங்கால் ஒரு குறை தென்படுகிறது. குரலை மற்றவரிடமிருந்து பெற்றுக்கொண்டு, பொருளை மட்டும் தலைகீழாகத் திருப்பிவிடுகின்றனர். சாத்தானின் வெற்றி இருந்த இடத்தில் கிறிஸ்துவின் வெற்றி வந்து அமர்கிறது. அடக்கத்திலிருந்து உயிர்த்தெழுதலுக்கு ஒரே எட்டில் தாவிவிடுகின்றனர். சனிக்கிழமை அவர்களுக்கு இல்லை. உறுமலுக்கு மிகவும் தகுந்த 88ஆம் சங்கீதத்தை, இருளில் தொடங்கி இருளிலேயே முடிவதை, அவர்கள் அதன் இருளோடு விட்டுவைக்கத் துணிவதில்லை. இக்குறையை அவர்கள் தாமாகத் தேடிக்கொண்டார்கள் எனவும் சொல்வதற்கில்லை. நம் பிரசங்கபீடங்களில் கற்றது அது.

யோவான் 11ஆம் அதிகாரத்தை நாம் அடக்க ஆராதனைகளில் எத்தனை முறை வாசித்திருப்போம்! லாசருவின் கல்லறைக்கு அருகில் ஆண்டவர் கலங்கினார் என்று நாம் படிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்திலுள்ள வினைச்சொல் எம்ப்ரிமாஓமாய் என்பது. குதிரை சீறி மூச்செறிவதற்கு ஆளப்பட்ட சொல் அது. சினத்தோடு கூடிய ஓர் உறுமல், கண்ணீருக்கு முன்னும், கல்லைப் புரட்டுமாறு சொல்வதற்கு முன்னும், இருமுறை அவரிடமிருந்து எழுகிறது. நாறுமே என்று மார்த்தாள் எச்சரித்ததையும் நற்செய்தியாளர் மறைக்கவில்லை. நாற்றமும் உறுமலும் அவ்விடத்தில் உண்டு. அவற்றுக்குப்பின் ஒரு பெயர் உரத்த குரலில் அழைக்கப்படுகிறது. நம் அடக்க ஆராதனைகளில் பெயர் உண்டு, பதவிகளோடும் பட்டங்களோடும் நிறையவே உண்டு. ஆனால் பெட்டி மூடப்பட்டிருக்கும், பாடல்கள் இனிமையாயிருக்கும், எல்லாரும் மெல்லப் பேசுவோம்.

சென்ற ஆண்டு ஒரு வட்டக் கூட்டத்திற்காகச் சென்றிருந்தபோது அந்த மாணவரை, இப்பொழுது அவர் ஓர் ஆயர், அவருடைய சபை மனையில் சந்தித்தோம். முன்பு கேளாமல் தீர்ப்புச் சொன்னதற்கு வருந்துவதாகக் கூறி, பின்னர் கேட்டோம் என்றும் சொன்னோம். எதைக் கேட்டீர்கள் என்றார். 'புல் த பிளக்' என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு விளக்கை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, தம் தாயாரின் கடைசி இரவைப்பற்றி, மூச்சு எப்படி இரைந்தது என்பதிலிருந்து தொடங்கிச் சொல்லலானார். மூன்றாண்டு நம் வகுப்பில் இருந்தவர் அவர். அந்த அம்மையாரின் பெயரை அன்றுதான் நாம் அறிந்தோம்.